பிளாக் தாங்குமா என்று கேட்டால்

நான் வேலை பார்த்த பட்டறையின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு வீடியோ வந்தது. நெடுஞ்சாலை ஓரமாக ஒரு சிவப்புக் கார் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது. எஞ்சின் பிளாக்கின் விலாவில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதன் வழியாகப் பிஸ்டனைத் தாங்குகிற இரும்புக் கோல், பக்கத்து வீட்டுச் சண்டையை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி தலையை நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே எண்ணெய் ஆறாக ஓடுகிறது. ஓட்டியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தேன். அதற்குள் குரல் செய்திகள் வரிசையாக வந்துவிட்டன. "ராபியாத்தா, ஒரு பிளாக் எவ்வளவு தாங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எழுதித் தாங்க இத்தா."

உங்கள் இத்தா, அதாவது அக்கா, எழுதுகிறேன். ஆனால் எனக்குத் தமிழில்தான் எழுத வரும். சின்ன வயதில் அத்தா அம்மாவோடு கம்பத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்தவள் நான். மலையாளம் எனக்கு நாக்கோடு சரி, விரலுக்கு வராது. உங்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படிக்கத் தெரிந்த ஒருவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். கேலி வரும் இடங்களைத் தாண்டிவிட வேண்டாம்.

நான் பிளாக் பார்க்க வந்த கதை பெரிதல்ல. முதலில் தோப்பும்படிப் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தேன். எஞ்சின் பட்டறையில் கழுவும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கிரீஸ் நாற்றம் இறால் நாற்றத்தைவிட மேல் என்று தோன்றியது, மாறிவிட்டேன். இறாலின் முதுகு நரம்பைத் தடவியே எடுத்துப் பழகிய விரல் என்பதால் இரும்பில் முடி அளவு கீறல் இருந்தாலும் அது தட்டுப்பட்டது. கழுவுகிறவள் கீறல் காட்டுகிறவள் ஆனேன், பிறகு அளவு எடுக்கிறவள் ஆனேன். கடைசி இருபது வருஷம், ஒரு பிளாக் வேலைக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்வதே என் வேலை. என் வீட்டுக்காரர் பரோட்டா மாஸ்டர். "பகல் பூரா இரும்பைத் தட்டிட்டு வந்து ராத்திரி என் சட்டியையும் தட்டிப் பாக்கறா" என்று ஊரெல்லாம் சொல்வார். உண்மைதான். இரண்டு சட்டிகளில் விரிசல் இருந்தது.

பட்டறையின் தலைவர் வர்கீஸ் ஆசான். கோட்டயத்துக்காரர், ஆனால் இளமையெல்லாம் கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் கழித்தவர். அதனால் என்னோடு பேசுவது கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்து வரும். அவரைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்று, வாடிக்கையாளர் எவரிடமும் அவர் முடியாது என்று சொன்னதே கிடையாது. எதைக் கேட்டாலும் "ஆகாம்" என்பார். மலையாளத்தில் அதற்குச் செய்யலாம் என்று அர்த்தம். ஆனால் சட்டென்று சொன்னால்தான் அந்த அர்த்தம். "ஆ...காம்" என்று இழுத்தால் அது நம் தமிழ் 'ஆகாது'க்குப் பக்கத்து வீடு. வந்தவர்களுக்கு இந்த நீளம் புரியாது. சந்தோஷமாக சாயா குடித்துவிட்டுப் போவார்கள். நீளத்தை அளந்து மீதி வேலையைப் பார்க்க வேண்டியவள் நான்.

இரண்டாவது, அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை கூடும். சாதாரணமாக எல்லாரையும் "டா", "நீ" என்பவர், "ஏனுங்க, வாங்க, உக்காருங்க" என்று ஆரம்பித்தால் நாங்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்கத் தயாராவோம்.

பவர் கூட்ட வருகிறவர்கள் டர்போவைப் பற்றிப் பேசுவார்கள், லேப்டாப்பில் கோடு கோடாகக் காட்டுவார்கள். பிளாக்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைப் படம் எடுப்பார்கள், பந்தக்காலை யார் எடுப்பார்கள்? ஆனால் பிஸ்டன் ஓடும் குழிகளும் பிஸ்டன் தள்ளிச் சுழற்றும் கிராங்க் தண்டு படுத்திருக்கும் தொட்டில்களும் பிளாக்கில்தான் இருக்கின்றன. பவரை இரண்டு மடங்காக்கினால் அந்த அடி முழுவதும் விழுவது இந்த ஊமை இரும்பின் மேல்.

அதனால் நாங்கள் பார்க்கும் முறை இது. முதலில் பிளாக்கைக் கொதிக்கும் காரத் தொட்டியில் போடுவோம். எண்ணெய், பெயிண்ட், பொய் எல்லாம் அதில் கரையும். துடைத்தபின் சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கோவில் மணிக்குத் தங்கச்சி மாதிரி பேசும். விரிசல் இருந்தால் சளி பிடித்த குரல் வரும். பிறகு சிவப்பு மை. அதைப் பூசி ஊறவிட்டு, துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தால், விரிசலுக்குள் ஒளிந்த மை வெள்ளையில் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அடுத்து, நீர் ஓடும் வழிகளை எல்லாம் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்போம். சூட்டில் மட்டும் வாய் திறக்கும் விரிசல்களும் உண்டு.

சுவரின் கனம்தான் பெரிய விஷயம். பெரிய பிஸ்டன் போட வேண்டும் என்றால் குழியைக் குடைந்து அகலமாக்க வேண்டும். குடைகிற ஒவ்வொரு மயிரிழையும் சுவரிலிருந்துதான் போகிறது. வார்க்கும்போது உள்ளே வைக்கும் மணல் அச்சு ஒரு பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தால், ஒரு சுவர் தடிப்பாகவும் எதிர்ச் சுவர் மெலிவாகவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒலிக்கருவியின் முனையைச் சுவரில் வைத்துச் சுற்றிச் சுற்றி அளக்க வேண்டும். அதிலும் எல்லாப் பக்கமும் ஒன்றல்ல. தீப்பிடித்துக் கீழே இறங்கும்போது பிஸ்டன் ஒரு பக்கத்துச் சுவரைத்தான் தோளால் இடிக்கும். அந்தப் பக்கம் மெலிந்திருந்தால் கதை முடிந்தது. மற்ற பக்கம் கொஞ்சம் மெலிந்திருந்தால் மன்னிக்கலாம்.

இனி ஜோஸியின் கதை.

ஜோஸி பழம்பொருள் கடைக்காரர். யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் கடை. போன மாசம் செய்த பித்தளை உருளியைப் புளியிலும் சாணத்திலும் புதைத்து எடுத்து, 'தறவாட்டுப் பொருள்', அதாவது பரம்பரை வீட்டுச் சொத்து என்று வெள்ளைக்காரர்களுக்கு விற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. கெட்ட மனுஷர் இல்லை. மகள் ஷெரின் என்றால் உயிர். அவள் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் பழைய ஜப்பான் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, நேரம் பார்த்து ஓட்டும் போட்டிகளுக்குப் போவாள். மற்ற நாளெல்லாம் அதே காரில்தான் ஆபீஸ். அந்தக் காருக்கு டர்போ வைத்து பலமான எஞ்சின் கட்டித் தருவதாக, அவளுடைய பிறந்தநாள் விருந்தில், மைத்துனன்மார் நடுவில் ஜோஸி வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவள் காரின் பழைய எஞ்சினைக் கழற்றிய பிறகு, ஒரு நாள் மினி லாரியில் ஒரு பிளாக் வந்து இறங்கியது. மயில் நீலத்தில் பளபளவென்று பெயிண்ட்.

"இத்தா, இது சாதாரண சாதனம் அல்ல. வெளிநாட்டு ராலி ரேஸ்ல ஓடின பிளாக். சுவரெல்லாம் இரட்டைக் கனம். ரெண்டு மில்லி குடைஞ்சாலும் அசையாது" என்றார் ஜோஸி. எனக்காகப் பாதி தமிழ், தனக்காகப் பாதி மலையாளம்.

"யாரு சொன்னா?"

"வித்த ஆளு."

"வித்த ஆளு குறைச்சுச் சொல்ல மாட்டாங்க இல்லே?" என்றேன். அவர் சிரித்தார். அந்தத் தொழில் அவருக்குத் தெரியாதா?

எனக்கு அந்த நீலம் பிடிக்கவில்லை. நல்ல இரும்பு பவுடர் பூசாது. ஆனால் ஒன்றும் சொல்லாமல் தொட்டியில் இறக்கினேன். எடுத்தபோது மயில் நிறம் போயிருந்தது. அதோடு பிளாக்கின் கீழ்ப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு மாதிரியே இருந்த ஏதோ ஒன்று உரிந்து தொங்கியது. இரும்புத்தூள் கலந்த பசை. அதற்குக் கீழே, கிராங்க் படுக்கும் நடுத் தொட்டிலின் அடிச்சுவரில், விரிசல்.

தட்டினேன், சளிக்குரல். மை பூசினேன், சிவப்புக் கோடு. தொட்டிலுக்கு மேல் மூடியாக வந்து உட்காரும் கேப்பைக் கழற்றினேன். அது பிளாக்கோடு சேரும் முகத்தில் எறும்பு அரித்தது போலக் கறுப்புப் புள்ளிகள். அந்தக் கேப் ஓட்டத்தில் ஆடி ஆடி உரசியிருக்கிறது என்று அர்த்தம். அதாவது இந்த பிளாக்கை யாரோ ஏற்கெனவே பிழிந்து சக்கையாக்கிவிட்டார்கள். சுவரை அளந்தேன். மூன்றாம் சிலிண்டரில், பிஸ்டன் இடிக்கும் பக்கம்தான், இருப்பதிலேயே மெலிவு. ராலியும் இல்லை, வெளிநாடும் இல்லை. ஷெரின் காரில் இருந்ததன் இன்னொரு பிறப்புதான் இது. வார்ப்பில் பதிந்த மாடல் எண் முதற்கொண்டு அதே.

புதியதைப் பழசாக்கி விற்கிறவருக்கு யாரோ பழசைப் புதுசாக்கி விற்றுவிட்டார்கள். எனக்கு வந்த சிரிப்பை அடக்க வெந்நீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டியிருந்தது.

கூப்பிட்டுக் காட்டியபோது ஜோஸிக்குச் சிரிப்பு வரவில்லை. சிவப்புக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஆசானின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஆசானே, விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்லிப்போட்டேன். அளியன்மார் சிரிப்பாங்க. மோளு வேற ராலி பிளாக்னு கூட்டுகாரங்க கிட்டேயெல்லாம் சொல்லியிருக்கா. அந்த விரிசல்ல ஒரு வெல்டிங், சுவருக்குள்ள லைனர்னு ஒரு குழாய், மேல பெயிண்ட். ஆகாமோ?"

ஆசான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆ...காங்க" என்றார். "நீங்க சொன்னா ஆகாம இருக்குமுங்களா. சாயா குடிங்க."

பட்டறையே நின்றுவிட்டது. ஒரே சொல்லில் நீளமும் மரியாதையும் சேர்ந்து வந்தது அன்றைக்குத்தான். ஜோஸிக்கு மட்டும் முகம் மலர்ந்தது. அவர் சாயாவுக்குக் கை நீட்டும்போது ஆசான் என்னைப் பார்த்து, "மத்ததெல்லாம் ராபியா சொல்ற மாதிரி பண்ணிக்கலாமுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

நான் ஜோஸியிடம் நேராகவே சொல்லிப் பார்த்தேன். அந்த இடத்தில் வெல்டிங் நிற்காது, டர்போ பொங்கும்போது அடி அங்கேதான் இறங்கும், கிராங்க் கையோடு வந்துவிடும் என்றெல்லாம். "அவ மெதுவாத்தான் ஓட்டுவா இத்தா" என்றார். மெதுவாக ஓட்டுகிறவளுக்கு டர்போ எதற்கு என்று கேட்டால் தரையைப் பார்த்தார். மனுஷருக்குத் தெரிகிறது, ஆனால் வாயிலிருந்து விழுந்த வாக்கு காலில் சங்கிலியாகக் கிடக்கிறது. மகளிடம் போய் 'ஏமாந்துவிட்டேன்' என்று சொல்ல ஒரு தகப்பனுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரியும். சொல்லாமல் விட்டால் அந்தப் பெண் ஸ்டியரிங் பிடிக்கும்போது கிராங்க் உடையும் என்பதும் தெரியும்.

அப்போதுதான் என் வாயில் அது தானாக வந்தது.

"சரி சேட்டா. ஆனா ஒரு வழக்கம் உண்டு. பவர் எஞ்சின் கட்டுறப்போ, ஓட்டப் போற ஆளுதான் முதல் போல்ட்டை முறுக்கணும். பழைய வழக்கம். மீறினா எஞ்சின் குணமா இருக்காதுன்னு சொல்லுவாங்க."

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. அந்த நிமிஷம் பிறந்தது அது. ஆனால் 'பழைய' என்ற சொல்லை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஜோஸியின் கடையை இத்தனை வருஷம் பார்த்ததில் கற்றிருந்தேன். அவர் பக்தியோடு தலையாட்டினார்.

சனிக்கிழமை ஷெரின் வந்தாள். அப்பா மாதிரியே சுருட்டை முடி, அம்மா மாதிரி நேர்ப் பார்வை. நான் பிளாக்கைத் தலைகீழாக மேஜையில் வைத்து, நடுத் தொட்டில் பக்கம் மை பூசித் துடைத்து, வெள்ளைப் பொடியைப் புதிதாகத் தெளித்திருந்தேன். சிவப்புக் கோடு இன்னும் மெல்லிசாகத்தான் தெரிந்தது. அளவு வைத்து முறுக்கும் டார்க் ரெஞ்சை அவள் கையில் கொடுத்தேன்.

"இந்த கேப் போல்ட்டை முறுக்கு மோளே. டிக்னு சத்தம் வர்ற வரைக்கும்."

ஜோஸி கைகூப்பிக்கொண்டு நின்றார். அவள் முறுக்கினாள். போல்ட் இழுக்க இழுக்க, கேப் தொட்டிலை இறுக்க, அடிச்சுவரில் இருந்த விரிசல் வாய் திறந்தது. உள்ளே மிச்சமிருந்த மை வெள்ளையில் ஊறி, மருதாணி மாதிரி மெதுவாகப் படர்ந்தது. டிக் சத்தம் வருவதற்கு முன்பே அவள் கை நின்றுவிட்டது.

"அப்பச்சா, இது எந்தா?"

"டிசைன்" என்றார் ஜோஸி.

ஷெரின் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆசான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தா, இது மெயின் வெப் கிராக் தானே?"

"ஆமா மோளே."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ரெஞ்சை மெதுவாகக் கீழே வைத்தாள். அப்பாவிடம் போய், "என்கிட்ட சொன்னா என்னப்பா? நான் மாமாங்க கூட சேர்ந்து சிரிப்பேன்னு நினைச்சீங்களா?" என்றாள். ஜோஸி கர்ச்சீப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "இந்தப் பொடி கண்ணில் போயி" என்றார். அந்தப் பொடி கண்ணுக்குப் போகும் தூரத்தில் அவர் நிற்கவே இல்லை.

அடுத்து அவள் கேட்ட கேள்விதான் எனக்கு அவளைப் பிடித்துப்போகக் காரணம். "என் வண்டியிலிருந்து கழட்டின பிளாக் எங்கே?"

அது ஜோஸியின் கொட்டகையில், ஆளுயரப் பித்தளை விளக்குக்குப் பீடமாக நின்றுகொண்டிருந்தது. விளக்கை இறக்கிவிட்டு பிளாக்கைக் கொண்டுவந்தார்கள். கழுவினேன், தட்டினேன். மணி. மையில் கோடு இல்லை, வெந்நீரில் குமிழி இல்லை, கேப் முகங்கள் கண்ணாடி. எஞ்சின் எண்ணும் வண்டிப் பதிவில் உள்ளதே என்பதால் ஆர்.டி.ஓ. ஆபீசில் விளக்கம் சொல்ல வேண்டிய பாடும் இல்லை.

எப்படிக் கட்டுவது என்பதில்தான் எனக்கும் ஷெரினுக்கும் சண்டை. அவள் நிறையப் படித்துவிட்டு வந்திருந்தாள். நீர் ஓடும் இடத்தின் கீழ்ப்பாதியைச் சிமெண்டு மாதிரியான கலவையால் நிரப்பினால் சுவர் அசையாது என்றாள்.

"சரிதான். ஆனா அது ஒரு ஓட்டம் ஓடிட்டு லாரியில ஏறி வீட்டுக்குப் போற வண்டிக்கு. நீ தினமும் கலூர் ஸ்டாண்டு முன்னாடி பஸ்ஸுக்குப் பின்னால நிக்கிறவ. தண்ணி போக இடமில்லேன்னா சூடு எங்கே போகும்? எண்ணெய் வெந்துடும்."

"அப்ப ரெண்டு மில்லி குடையலாமா?"

"அரை மில்லி. குழி ஒழுங்காகற அளவுக்கு. மிச்சச் சுவர் உனக்குத்தான் காவல்."

அவள் முகம் சுண்டியது. ஆனால் என்னை அவள் மடக்கிய இடமும் உண்டு. பவர்தான் பிளாக்கைக் கொல்கிறது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பவர் இல்ல இத்தா, நாக்கிங். பெட்ரோல் நேரங்கெட்டு வெடிச்சா, அது தள்ளுறது இல்ல, சுத்தியல் அடி" என்று லேப்டாப்பைத் திறந்து, அந்த அடி விழும் முன்பே தீப்பொறி விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும் ஏற்பாட்டைக் காட்டினாள். நான் அத்தனை வருஷம் உடைந்த பிளாக்குகளை மட்டும் பார்த்தவள். அவை எப்படி உடைந்தன என்பதை அன்றைக்குத்தான் படமாகப் பார்த்தேன். அதன்பிறகு டர்போவின் அழுத்தத்தை எதுவரை விடலாம் என்று நாங்கள் இருவரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். கேப்புகளுக்குப் போல்ட்டுக்குப் பதில் கடினமான ஸ்டட், மேலே எஞ்சின் தலையைப் பூட்டியது போலவே தடித்த இரும்புத் தகட்டைப் பூட்டி வைத்துக் குழியை மெருகேற்றுவது என்று ஒவ்வொன்றாக வேலை நடந்தது. தகடு இல்லாமல் மெருகேற்றினால், தலையை இறுக்கியதும் வட்டமான குழி முட்டை வடிவாகிவிடும்.

ஒரே ஓர் இடம் என்னை உறுத்தியது. அந்த பிளாக்கிலும் இரண்டாம் சிலிண்டரில் ஒரு பக்கம் மற்றதைவிட மெலிவு. பிஸ்டன் இடிக்காத பக்கம்தான். விதிப்படி மன்னிக்கலாம். ஆனாலும் சாப்பிடும்போதெல்லாம் அந்த எண் தட்டில் வந்து உட்கார்ந்தது. கருவியைத் துடைத்து, வேறு முனை போட்டு, மறுபடி மறுபடி அளந்தேன். எண் மாறவில்லை. ஆசான் வந்து பக்கத்தில் நின்றார்.

"தாங்குமா?"

அதுவரை அந்தக் கேள்வியை வாடிக்கையாளர்கள் அவரிடம் கேட்டுத்தான் பார்த்திருக்கிறேன். அவர் ஒருவரிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

"தாங்கும் ஆசானே."

"உறப்பாணோ? நிச்சயந்தானா?"

"உறப்பு."

"சரி. அப்ப ஒரு வழக்கம் இருக்குதுங்க" என்றார். அந்த 'ங்க' கேட்டதும் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். "பிளாக்கைப் பாஸ் பண்ணின ஆளு, முதல் ஓட்டத்துல பக்கத்து சீட்ல உக்காரணும். ரொம்பப் பழைய வழக்கமுங்க."

பட்டறையே கைகொட்டிச் சிரித்தது. ஜோஸிதான் அதிகம் சிரித்தார். நியாயமாக அந்தச் சிரிப்பு அவருக்குச் சேர வேண்டியதுதான்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விரிசல் விழுந்த பிளாக்கின் மேல் கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்கி, போர்க்கப்பல் எஞ்சின் என்று விற்றுவிட்டார். வாங்கியவர் விரிசலைக் காட்டிக் கேட்டதற்கு, பீரங்கிக் குண்டு பட்டது என்றாராம்.

ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை. தலைமுக்காடாகப் போடும் தட்டத்தை இறுக்கக் கட்டிக்கொண்டு, தெரிந்த துவாவையெல்லாம் ஓதிக்கொண்டு ஏறினேன். ஷெரின் முதலில் ஊருக்குள்ளேயே சுற்றினாள். தோப்பும்படிப் பாலத்தில் சர்ச்சுக்குப் போகிறவர்களின் நெரிசல். அசையாமல் நின்றோம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, சூடு காட்டும் முள்ளைப் பார்த்தேன். அது நடுவில் படுத்துத் தூங்கியது. நிற்கத் தெரிந்த எஞ்சின் என்று மனதுக்குள் முதல் சலாம் வைத்தேன்.

பிறகு கன்டெய்னர் ரோடு. காலியாக, நேராகக் கிடந்தது.

"பிடிச்சுக்கோங்க இத்தா" என்று மிதித்தாள்.

டர்போ ஒரு மூச்சு இழுத்தது. அதற்கப்புறம் முதுகு சீட்டுக்குள் போய்விட்டது. இரண்டு பக்கக் காயலும் ஒரே வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த இரைச்சலுக்கு அடியில் என் பிளாக்கின் குரல் இருந்தது. கனமாக, ஒரே சுருதியில், கொஞ்சம்கூடச் சளி இல்லாமல். இரண்டாம் சிலிண்டரின் மெலிந்த சுவரை நினைத்துக்கொண்டேன். அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. கண்ணில் நீர் வந்தது. பொடி ஒன்றும் இல்லை.

ஷெரின் காலை எடுத்தாள். வண்டி மெல்ல அடங்கி வந்தது, நிதானமாக, மிக நிதானமாக.

"பயந்துட்டீங்களா இத்தா?"

"பிளாக்குக்குப் பயப்படல மோளே. அதை நான் பாத்தாச்சு." மூச்சு திரும்பிய பிறகு கேட்டேன். "ஆமா, பிரேக்கை யாரு பாத்தா?"

அவள் காதுகள் சிவந்ததைப் பார்த்தேன்.

"பிரேக்... பழசுதான் இத்தா."

திரும்பி வரும்போது ஓரமாக, இரண்டாம் கியரில், ஹஸார்டு விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தோம். மீன் பெட்டி கட்டிய ஸ்கூட்டர் ஒன்று ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது. ஷெரின் ஒதுங்கி வழிவிட்டாள்.